உண்ட வீடு

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடந்த ஒரு நாட்டில், தன் குடிகள் நலமாக இருக்கிறார்களா என்ற ஒரே கேள்வியால் தூக்கம் கெட்ட அரசன் ஒருவன் இருந்தான். பெயர் உத்தமசேனன். கெட்டவன் அல்லன். கெட்டவனாக இருந்திருந்தால் அவனுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அவன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தான். போன இடமெல்லாம் தோரணம் கட்டியிருந்தார்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நலமா என்று கேட்டால் நலம் என்றார்கள். கேட்பவன் அரசன், வேறென்ன சொல்வார்கள்? மாளிகைக்குத் திரும்பினான். பிறகு ஒரு நாள் சபையில் சொன்னான்:

"என் குடிகள் உண்டார்களா இல்லையா என்பது எனக்குத் தினமும் தெரிய வேண்டும். அவர்களைக் கேட்காமலே தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்."

மந்திரி சிவக்கொழுந்தர் எழுந்தார்.

"அரசே, ஏழை வீட்டில் நெல்லை மொத்தமாகக் குத்தி வைப்பதில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றைய விடியலில்தான் குத்துகிறார்கள். உலக்கைச் சத்தம் கேட்ட வீட்டில் உலை கொதிக்கும். கேட்காத வீட்டில் கொதிக்காது. சத்தத்தை எண்ணினால் போதும்."

யோசனை மோசமானதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஊருக்கு ஒருவர் நியமிக்கப்பட்டார். விடியலில் அவர் தெருத் தெருவாக நடப்பார். சத்தம் கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூழாங்கல்லைத் துணிப்பைக்குள் போடுவார். எத்தனை வீட்டுக்கு எத்தனை கல் என்ற செய்தி தலைநகருக்கு வந்து சேரும். மக்கள் அவர்களைக் 'காதுக்காரர்' என்று அழைத்தார்கள்.

முதல் வருடம் மேற்கே மூன்று ஊர்களில் கல் குறைந்தது. அரசன் களஞ்சியத்தைத் திறந்தான். நெல் வண்டிகள் போயின. அந்த ஊர்கள் பிழைத்தன. இரண்டாம் வருடம் ஐந்து ஊர்களில் குறைந்தது. அப்போதும் வண்டிகள் போயின. களஞ்சியம் பாதியாயிற்று. களஞ்சியத்துக்குப் பொறுப்பு சிவக்கொழுந்தர். அவருக்குக் கவலை வந்தது.

அவர் இரண்டே இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்தார். கல் குறைந்த ஊரின் மணியக்காரர் தன் அதிகாரக் கோலை இழந்து, தலைப்பாகை இல்லாமல் சபையில் வந்து நிற்க வேண்டும். ஊரைச் சோம்பேறியாக விட்டதற்கு அது தண்டனை. அடுத்தது, செப்பேட்டில் பொறித்த ஒரு சாசனம்: 'எந்த வீட்டில் விடியலில் உலக்கைச் சத்தம் கேட்கிறதோ அது உண்ட வீடு. உண்ட வீட்டுக்கு அன்று சோறு இட வேண்டுவதில்லை.'

மூன்றாம் வருடம் ஓர் ஊரிலும் கல் குறையவில்லை. அந்த வருடம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. கல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. அரசன் சிவக்கொழுந்தருக்கு ஒரு பல்லக்குக் கொடுத்தான். இரவில் நன்றாகத் தூங்கினான்.

அந்தச் சபையில் நல்லாண்டான் என்றொரு விகடகவி இருந்தான். சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆனால் அதிகம் பேச மாட்டான். ஒருவர் பேசி முடித்த பிறகும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மௌனத்தில் பேசியவருக்குத் தான் சொன்னது தனக்கே மறுபடி கேட்கும். பெரிய மனிதர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்கு அவன் சொன்ன வேடிக்கைகளைவிட இதுதான் காரணம்.

ஐப்பசி மாதத்தில் அவன் பக்கத்து நாட்டுத் திருவிழா ஒன்றுக்குப் போய்விட்டு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தான். விடிகிற நேரத்தில் வெள்ளூற்று என்ற ஊரை அடைந்தான். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவன் சாப்பிடவில்லை. ஊருக்குள் நுழையும்போதே எந்தப் பக்கம் திரும்பினாலும் உலக்கைச் சத்தம் கேட்டது. சந்தோஷமாக முதல் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே ஒரு பெண் நெல் குத்திக்கொண்டிருந்தாள். பெயர் பூவாத்தாள் என்பது பிறகு தெரிந்தது.

"அம்மா, வழிப்போக்கன். கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?"

அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

"செத்த இருங்க. காதுக்காரரு தெருவத் தாண்டட்டும்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். பையும் கையுமாக ஒருவர் கடந்து போனார். ஒரு கல் விழுந்த சத்தம் கேட்டது. அவர் முனை திரும்பியதும் பூவாத்தாள் உலக்கையோடு கொல்லைப்பக்கம் ஓடினாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"என்னமோ கேட்டீங்களே."

"கஞ்சி கேட்டேன் தாயே."

"உரல்ல இருக்கு. அள்ளிக் குடிங்க."

அவன் எட்டிப் பார்த்தான். உரலுக்குள் உமி. குத்திக் குத்தி மாவாகிப்போன உமி.

"நெல் இல்லையா?"

"நெல்லு இருந்தா உமிய ஏன் குத்துறேன்? ஆடி மாசத்துல இருந்து இதே உமிதான். அது மாவாப் போச்சு. நாங்கதான் இன்னும் போகல."

"குத்தாமல் இருந்தால் என்ன?"

"நல்லாக் கேட்டீங்க. மணியக்காரரு கால்ல விழாத குறையாச் சொல்லிட்டுப் போயிருக்காரு. 'தாயி, என்னியச் சபையில மொட்டத் தலையா நிறுத்திராதீங்க'ன்னு. பாவம், அவரு வீட்டம்மாவும் உமிதான் குத்துது. சத்தத்துலயே சொல்லிருவேன். நெல்லுச் சத்தம் வேற."

உள்ளே பாயில் அவள் புருஷன் கிடந்தான். வந்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊரில் எத்தனை வீடு?"

"அறுவத்திரெண்டு." அவள் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ராசா காதுக்குத் தினம் சோறு போட்டுக்கிட்டிருக்கோம். எங்க வயித்த அப்புறமாப் பாத்துக்கலாம்."

தண்ணீர் கொடுத்தாள். நல்லாண்டான் குடித்துவிட்டு எழுந்து நடந்தான்.

தலைநகர் திரும்பியதும் அவன் மூன்று நாட்கள் சபையில் வாய் திறக்கவில்லை. அரசன் முதல் நாள் பொறுத்தான். இரண்டாம் நாள் முகம் சுளித்தான். மூன்றாம் நாள் கேட்டான்:

"நல்லாண்டா, உன் வேடிக்கைகளை எங்கே விட்டுவிட்டு வந்தாய்?"

"வெள்ளூற்றில், அரசே. அங்கே மக்கள் பசியில் செத்துக்கொண்டிருக்கிறார்கள்."

சபை அசைந்தது. சிவக்கொழுந்தர் ஓலையைப் புரட்டினார்.

"வெள்ளூற்று. அறுபத்திரண்டு வீட்டுக்கு அறுபத்திரண்டு கல். இன்றைய செய்தி. ஒன்றுகூடக் குறையவில்லை." அவர் சிரித்தார். "விகடகவியாருக்கு யாரோ கஞ்சி தர மறுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஊர் முழுவதும் பட்டினி என்று முடிவு செய்துவிட்டார்."

"உரலில் இருந்தது உமி, அரசே."

"ஒரு வீட்டில் பார்த்திருப்பார். நாட்டில் பதினாயிரம் உரல்கள். ஒரு மனிதன் ஓர் உரலுக்குள் பார்த்ததை நம்புவதா, அறுபது காதுக்காரர்கள் மூன்று வருடமாக எண்ணியதை நம்புவதா? அரசே, எந்த அளவுகோலும் வேண்டாம் என்றால் பழையபடி தோரணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்."

அரசனுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. பழைய தூக்கமில்லாத இரவுகள் நினைவுக்கு வந்தன. சில உண்மைகள் கதவைத் தட்டும்போது நமக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

"நல்லாண்டா, நீ சொல்வதை இங்கேயே, இந்த அரண்மனையிலேயே, எனக்குக் காட்ட வேண்டும். அந்த ஊரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவரக் கூடாது. அழக் கற்றுக்கொடுத்து அழைத்து வந்தாய் என்பார்கள். ஒரு பிடி உமியும் அங்கிருந்து வரக் கூடாது. சாசனத்துக்கு எதிராக இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாளை சூரியன் மறைவதற்குள் காட்டினால் களஞ்சியத்தைத் திறக்கிறேன். காட்டாவிட்டால், சபையைப் பொய்யால் கலக்கிய நாக்கு உனக்கு இல்லை."

சிவக்கொழுந்தர் கண்ணை மூடிக்கொண்டார். இனிமேல் அந்த மௌனமான பார்வை சபையில் இருக்காது என்று நினைத்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நல்லாண்டான் கை கூப்பினான்.

"ஒன்று கேட்கிறேன், அரசே. நாளை ஒரு நாள் மடைப்பள்ளியை என் பொறுப்பில் விட வேண்டும். அரண்மனையும் இந்த நாட்டில் ஒரு வீடுதானே? சாசனம் இங்கும் செல்லும் என்று மந்திரியார் சொன்னால் போதும்."

"செல்லாமல் என்ன?" என்றார் சிவக்கொழுந்தர். தான் எழுதிய சாசனத்தைச் சபையில் இன்னொரு முறை வாசிக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. எழுந்து நின்று இரண்டு வரிகளையும் நிறுத்தி வாசித்தார். "இந்த நாட்டில் எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை."

மறுநாள் விடியலில் அரண்மனை விழித்ததே உலக்கைச் சத்தத்தில்தான். அங்கே நெல் குத்துவது பின்கட்டுக்கு அப்பால். அரசன் தன் வாழ்நாளில் அந்தச் சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. முற்றத்தின் நடுவே உரல். நல்லாண்டானே குத்திக்கொண்டிருந்தான். வாசலில் தலைநகரின் காதுக்காரர் நின்று பைக்குள் ஒரு கல்லைப் போட்டார்.

காலைப் பலகாரம் வரவில்லை. அரசன் ஏதோ பூசையால் தாமதம் என்று நினைத்துக்கொண்டான். வெயில் ஏறியது. உலக்கைச் சத்தம் நிற்கவில்லை. உச்சிப்பொழுதில் அரசனும் சபையோரும் பந்தியில் அமர்ந்தார்கள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை.

ஓர் இலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்பது அன்று பலருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

"சோறு எங்கே?" என்றான் அரசன்.

தலைமைச் சமையல்காரர் கைகட்டி வந்து நின்றார். "விகடகவியார் உலை வைக்க வேண்டாம்னு சொல்லிட்டார் மகாராஜா. நான் என்ன செய்யட்டும்?"

நல்லாண்டான் வந்தான். கையில் ஒரு கூழாங்கல். அதை அரசனுடைய இலையின் நடுவில் வைத்தான்.

"அரசே, விடியலிலிருந்து இந்த வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கிறது. காதுக்காரர் எண்ணிவிட்டார். அரண்மனை உண்ட வீடு. உண்ட வீட்டுக்கு அன்று சோறு இட வேண்டுவதில்லை. சாசனத்தை மீற எனக்கு அதிகாரம் இல்லை."

சபையோரில் சிலர் சிரிக்கப் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகாத வயிறு சிரிக்க விடவில்லை. சிவக்கொழுந்தருக்குக் காலை உணவு தவறியே பழக்கமில்லை. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்னய்யா விளையாட்டு இது? கல்லையா தின்பது? எங்கேயோ உலக்கை விழுந்தால் வயிறு நிறைந்துவிடுமா? சத்தம் வேறு, சோறு வேறு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

நல்லாண்டான் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சிவக்கொழுந்தருக்குத் தான் சொன்னது தனக்கே கேட்கத் தொடங்கியது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

அரசன் இலையில் கிடந்த கல்லை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். வழவழப்பான, வெள்ளைக் கல். பிறகு எழுந்து முற்றத்துக்கு நடந்தான். உரலுக்குள் முழங்கை வரை கையை விட்டான். வெளியே எடுத்தபோது கை முழுவதும் உமித் தூள்.

"எங்கே கிடைத்தது?"

"உங்கள் குதிரை லாயத்தில், அரசே."

"வெள்ளூற்றிலும் இப்படித்தானா?"

"சாசனத்துக்கு எதிராகப் பேச எனக்கு அனுமதி இல்லை."

"அனுமதி தந்தேன். சொல்."

"ஆடியிலிருந்து."

அரசன் நல்லாண்டானின் கைகளைப் பார்த்தான். அரை நாள் உலக்கை பிடித்ததில் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்திருந்தன. ஆடி, ஆவணி என்று அரசன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, புரட்டாசியில் நிறுத்திக்கொண்டான்.

சிவக்கொழுந்தர் பின்னால் வந்து நின்றிருந்தார். "அரசே, எண்ணிக்கையில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. வந்ததைத்தான் வாசித்தேன்."

"தெரியும். கல் ஏறினால் நான் மகிழ்ந்தேன். நீங்கள் கல் ஏறும்படி செய்தீர்கள். அந்தப் பல்லக்கை நான்தானே கொடுத்தேன்?" அரசன் கையிலிருந்த உமியைத் தட்டிவிடவில்லை. "களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் வண்டிகள் வெள்ளூற்றுக்கு. அவை போகும்வரை எனக்கு இலை போட வேண்டாம்."

"ஒரு வார்த்தை, அரசே," என்றான் நல்லாண்டான். "நெல்லாக அனுப்ப வேண்டாம். அரிசியாக அனுப்புங்கள். அவர்களுக்குக் குத்தத் தெம்பு இல்லை."

அப்படியே ஆயிற்று. வண்டிகள் கிளம்பிய பிறகு அரசன் கேட்டான்:

"இனி எதை எண்ணுவது? காதை விட்டுவிட்டு, உரலுக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள். இரண்டு வருடம் நன்றாகப் போகும். பிறகு வீட்டுக்கு ஒரு பிடி நெல்லை, தின்னாமல், வருகிறவர் கைக்குக் காட்டுவதற்கென்றே எடுத்து வைப்பார்கள்."

"அப்படியானால் எண்ணவே வேண்டாமா?"

"எண்ணாமல் எப்படி, அரசே? முதல் இரண்டு வருடம் அந்தக் கல்தானே எட்டு ஊர்களைக் காப்பாற்றியது. குறைந்த கல்லோடு வருகிறவரை அடிக்காதீர்கள். நிறைந்த கல்லோடு வருகிறவரைப் பல்லக்கில் ஏற்றாதீர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அன்றே மணியக்காரர்களின் தண்டனை ரத்தாயிற்று. செப்பேடு உருக்கப்பட்டது.

ஆறாம் நாள் சபை கூடியிருந்தபோது வெள்ளூற்றின் காதுக்காரர் தானே நேரில் வந்து சேர்ந்தார். ஓடி வந்தவர்போல மூச்சு இரைத்தது. பையை மந்திரியின் முன் வைத்தார். சிவக்கொழுந்தர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். தலைகீழாகக் கவிழ்த்து உதறினார்.

"அரசே… வெள்ளூற்று. அறுபத்திரண்டு வீட்டுக்கு, ஒரு கல்லும் இல்லை."

அரசன் எழுந்துவிட்டான். "வண்டிகள் போய்ச் சேரவில்லையா?"

"சேந்திருச்சு மகாராசா," என்றார் காதுக்காரர். "பொழுது சாயிற நேரத்துக்கு வந்துச்சு. அரிசியா வந்ததால அப்பவே உலை வச்சாங்க. மறுநா விடியல்ல வழக்கம்போல தெரு முனையில போய் நிக்கிறேன், ஒரு சத்தமும் இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. ஒவ்வொரு வீடாக் கதவத் தள்ளிப் பாத்தேன். தூங்குறாங்க மகாராசா. வெயில் மூஞ்சில அடிக்குது, அது தெரியாமத் தூங்குறாங்க. ஒரு பொம்பள மட்டும் முழிச்சிருந்துச்சு. பூவாத்தான்னு பேரு. 'இன்னிக்கு உங்க காதுக்கு ஒண்ணும் ஆக்கல, போயிட்டு வாங்க'ன்னு சொல்லிட்டு, அதுவும் திரும்பிப் படுத்துக்கிச்சு."

அரசனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். நாட்டிலேயே மிக நல்ல காலை விடிந்த ஊரிலிருந்து, மூன்று வருடத்தில் மிகக் குறைந்த எண்ணிக்கை வந்திருந்தது. சபை முழுவதும் சிரித்தது. சிவக்கொழுந்தரும், வெறும் பையைக் கையில் பிடித்தபடி, சிரித்துவிட்டார். அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றினான்.

"நல்லாண்டா, இங்கே வா."

நல்லாண்டான் வந்து தலை குனிந்தான். மாலை விழுந்தது. நிமிர்ந்தவன் காதுக்காரரைப் பார்த்துக் கேட்டான்:

"அறுபத்திரண்டு வீட்டிலும் தூங்கினார்களா?"

காதுக்காரர் வெறும் பையைப் பார்த்தார்.

"அம்பத்தொம்போது வீட்டுல சாமி."

"மீதி மூன்று?"

"அங்க ஆளு இல்ல. எனக்கே அன்னிக்குக் கதவத் தள்ளினப்பதான் தெரியும். ஆவணியிலயே முடிஞ்சு போச்சாம்."

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

"போன வாரம்வரை அறுபத்திரண்டு கல் வந்ததே," என்றான் அரசன்.

"சத்தம் கேட்டுச்சு மகாராசா. பொய்யாப் போடல. பூவாத்தாதான் தன் வீட்ட முடிச்சுட்டு, நான் பின்தெரு சுத்தி வர்றதுக்குள்ள கொல்லப்பக்கமா ஓடி, அந்த மூணு வீட்டுலயும் குத்திட்டு வந்துருக்கு. மணியக்காரரு கோலு போயிரக் கூடாதுன்னு."

அரசன் உட்கார்ந்தான்.

அரசனுடைய ஓலையில், முந்தின வாரம்வரை, அந்த மூன்றும் உண்ட வீடுகள்.